இரண்டாவதாகக் குதித்தவர்

பிப்ரவரி வந்தாலே ஓதெல் பிக்கன்ஸுக்கு வயிறு எரியும். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் வரும்; அதோடு முதலாமவர் மன்றமும் வரும். மன்றம் வந்தால் டால்பர்ட் ஊரில் யாருக்காவது நீலக் கோட்டு மாட்டிவிடுவார்கள். ஓதெல் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

மன்றத்தின் கொள்கை எளிமையானது. ஒரு காரியத்தை இந்த மாவட்டத்தில் முதன்முதலாகச் செய்த கறுப்பர் யாரோ, அவர் வரலாறு. அதையே இரண்டாவதாகச் செய்தவர் பார்வையாளர். ஆரம்பத்தில் இதில் நியாயம் இருந்தது. முதல் நீதிபதி, முதல் மருத்துவர், ஓட்டுரிமைக்குப் பெயர் பதியப் போய் வேலையை இழந்த ஆசிரியை என்று இவர்களுக்கெல்லாம் கோட்டு மாட்டியபோது ஓதெலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஜார்ஜியாவில் டால்பர்ட் சின்ன ஊர். பெரிய முதல்கள் சீக்கிரம் தீர்ந்துபோயின. பிப்ரவரி மட்டும் வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அதனால் மன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. தவணையில் புல்வெட்டும் இயந்திரம் வாங்கிய முதல் கறுப்பருக்கு ஒரு கோட்டு. மின்சார அலுவலகத்தில் புகார் சொல்லி, அதற்குப் பதிலும் வாங்கிய முதல் கறுப்பருக்கு ஒரு கோட்டு. மாவட்ட மருத்துவமனையில் முன்பு வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த முன்பக்கக் கட்டடத்தில் பித்தப்பை எடுக்கப்பட்ட முதல் கறுப்பருக்கு ஒரு கோட்டு. பித்தப்பைக்காரர் மேடையேறிய அன்று பாடகர் குழு எழுந்து நின்று பாடியது. அவரும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

கோட்டோடு முடிந்திருந்தால் ஓதெல் பொறுத்துக்கொண்டிருப்பார். கோட்டுக்காரர்கள்தான் விழா முடிந்து நடக்கும் விருந்தில் முதலில் தட்டெடுப்பார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெரிய தகரத் தட்டில் சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி வரும். அதன் மூலைகள் சிவந்து மொறுமொறுவென்றிருக்கும். கோட்டில்லாதவர்களின் முறை வரும்போது நடுவில் குழைந்து கிடப்பதுதான் மிச்சம். ஓதெல் பிக்கன்ஸ் மாவட்டத்தின் இரண்டாவது கறுப்புத் தபால்காரர். முதலாமவர் அவருக்கு முந்தின திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவர். அந்த ஒரு வாரத்தினால் ஓதெல் இத்தனை வருடங்களாகக் குழைந்த மக்ரோனி தின்கிறார்.

இந்த வருடம் மன்றத்தின் தலைவி டாக்டர் மார்சலின் ஃபோன்டெய்ன் ஞாயிறு வழிபாட்டின் முடிவில் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். இரண்டு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த பள்ளியின் முதல் கறுப்புத் தலைமையாசிரியை. இன்னும் ஊரையே வகுப்பறையாகத்தான் பார்ப்பார்.

"சகோதர சகோதரிகளே, நகராட்சி கட்டின புது உள்ளரங்க நீச்சல் குளம் இந்த மாசம் திறக்குது. அந்தக் குளத்துக்கு நம்ம சர்ச் டீக்கன் வெண்டல் கிரியரோட பேரு வைக்கிறாங்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலுல, பழைய நகராட்சிக் குளத்துல முதல்ல குதிச்ச கறுப்பர் அவர்தான். திறப்பு விழாவுல மறுபடியும் குதிச்சுக் காட்டப் போறார்!"

சர்ச் ஆர்ப்பரித்தது. ஓதெலின் அருகில் உட்கார்ந்திருந்த வெண்டல் மெதுவாக எழுந்து, தலை தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்தார். சின்ன வயதிலிருந்து ஓதெலின் உயிர்த் தோழர். அந்தக் கையை முறித்துப் போட்டால் என்ன என்று ஓதெலுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைச் சுழற்றி எறிந்தார்.

"குதிச்சானாம்! ஏர்லீன், அவனா குதிச்சான்?"

மனைவி ஏர்லீன் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுடும் 'பை' பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கதையை நம்ம கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டே, ஓதெல். கேக் வெட்டவிடாம சொன்னே."

"மறுபடியும் கேளு."

கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடந்தது இதுதான். அந்தக் கோடையில் புதுச் சட்டம் வந்திருந்தது; குளத்தின் கதவைக் கறுப்பருக்கு மூடக்கூடாது. வருடக்கணக்காகக் கம்பி வேலிக்கு வெளியே நின்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்த இரண்டு பையன்களும் உள்ளே போனார்கள். ஓதெல் ஆற்றில் நீந்திப் பழகியவன். வெண்டலை அவன் அம்மா ஆற்றுப் பக்கமே விட்டதில்லை. குளக்கரையில் நின்று வெண்டல் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான். ஜெபம் முடியவே இல்லை. பின்னால் காத்திருந்த ஓதெல் பொறுமையிழந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினான். வெண்டல் விழுந்தான். விழுந்தவன் அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். உயரமான நாற்காலியில் இருந்த உயிர்காப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஓதெல் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். சாயங்காலத்துக்குள் குளத்துத் தண்ணீர் முழுவதையும் நகராட்சி திறந்துவிட்டது. அதற்கப்புறம் மண் கொட்டி மூடி, வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.

பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்த படத்தில் வெண்டல் அந்தரத்தில் இரண்டு கைகளையும் விரித்து, முகத்தை மேலே தூக்கி, பறக்கிற தேவதூதனைப் போல இருந்தான். படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. வெயில் பட்டுப் படத்தில் வெளுத்துத் தெரிந்த அந்தக் கை, அவனைத் தடுக்கப் பார்த்த வெள்ளை ஆதிக்கத்தின் கை என்று மன்றம் விளக்கம் எழுதி வைத்திருந்தது. அது ஓதெலின் கை.

"போய்ச் சொல்லேன்," என்றாள் ஏர்லீன். "இத்தனை வருஷமா என்கிட்டயே சொல்லிச் சொல்லி என் காதுதான் தேயுது. அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லு."

அதனால் ஓதெல் மன்றத்துக்குப் போனார். டாக்டர் ஃபோன்டெய்ன் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். சுவர் நிறைய மாட்டியிருந்த படங்களில் நீலக் கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பித்தப்பைக்காரர் எல்லாரையும்விட அகலமாகச் சிரித்தார்.

ஓதெல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டாக்டர் ஃபோன்டெய்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, நீங்கதான் அவரைத் தள்ளினீங்க."

"ஆமா மேடம்."

"சகோதரர் பிக்கன்ஸ், தள்றதுக்கு மன்றத்துல பிரிவு கிடையாது."

"தள்றதை விடுங்க. அவன் நீந்தவே இல்ல. கல்லு மாதிரி அடியில உக்காந்துட்டான். அந்தக் குளத்துல முதல்ல நீந்தின கறுப்பன் நான்தானே?"

"டீக்கன் கிரியர் நீந்தினார்னு மன்றம் எங்கயும் சொல்லலையே. தண்ணிக்குள்ள முதல்ல போனவர்னுதான் சொல்றோம். மூழ்கினாலும் போனது போனதுதான்."

"சரி, வெளிய முதல்ல வந்தவன்?"

டாக்டர் ஃபோன்டெய்ன் முதல் தடவையாக யோசித்தார். "நீங்க அவரை இழுத்தப்ப யார் தலை முதல்ல மேல வந்தது?"

ஓதெல் உண்மை பேசுகிறவர். அதுதான் அவர் கஷ்டம். "அவன் தலைதான். முடியைப் பிடிச்சுத் தூக்கினேன்ல."

"அப்ப அதுவும் அவர்தான்." தலைவி வருத்தத்தோடு சொன்னார். "உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா மன்றம் வேதனையைப் பார்க்கறதில்ல, வரிசையைத்தான் பார்க்குது. எல்லா இரண்டாவது ஆளுக்கும் கோட்டு குடுத்தா அப்புறம் சும்மா உக்காந்து கைதட்ட யார் இருப்பாங்க? ஒரு விழாவுக்கு அதுவும் வேணும்ல?"

ஓதெல் எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "மேடம், இரண்டாவதா வந்ததுல முதல் ஆள்னு ஒண்ணு வெச்சா?"

"அதை மூணு வருஷம் முன்னாடியே குடுத்தாச்சு," என்றார் டாக்டர் ஃபோன்டெய்ன், சுவரைக் காட்டி. "அந்தப் புள்ளிபோட்ட கழுத்துப் பட்டைக்காரர். ரெண்டாவது கறுப்பு பஸ் ஓட்டுநர். நீங்க லேட்டு."

விழாவுக்கு முந்தின நாள் வெண்டல், ஓதெல் வீட்டுப் பின்பக்கமாக வந்தார். மன்றம் முன்பே மாட்டிவிட்டிருந்த நீலக் கோட்டோடு வந்தார். அதைப் பார்த்ததும் ஓதெலுக்கு நாக்கு கசந்தது. கோட்டு அவ்வளவு நன்றாக வெண்டலுக்குப் பொருந்தியிருந்தது.

"டேய் ஓதெல், ஒரு சின்ன விஷயம்."

"சொல்லித் தொலை."

"எனக்கு இன்னும் நீந்தத் தெரியாது."

ஓதெல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்ககிட்டச் சொன்னியா?"

"மிதவைச் சட்டை கேட்டுப் பார்த்தேன். வரலாற்று உண்மைக்குப் பொருந்தாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. சரி, உயிர்காப்பாளராவது இருப்பார்ல, கேட்டேன். இருப்பாராம். ஆனா அறுபத்து நாலுல எப்படிக் கையைக் கட்டிட்டு இருந்தாரோ அப்படியே நாளைக்கும் இருக்கணும்னு அவருக்கு ஒத்திகையே நடந்துருச்சு. நல்லாப் பண்றாராம்."

"அப்ப உண்மையைச் சொல்லு. நான் தள்ளினேன், நீ மூழ்கினே, நான் தூக்கினேன். மூணு வார்த்தை."

வெண்டல் கோட்டின் பொத்தானைத் தடவினார். "ஓதெல், என் பேரைக் கட்டடத்துல எழுதிட்டாங்கடா. என் தங்கச்சி டெட்ராய்ட்ல இருந்து பஸ் ஏறிட்டா. இப்பப் போயி நான் கல்லு மாதிரி உக்காந்தேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நாளைக்கும் போய் உக்காரு."

"நீ பின்னாடியே குதிச்சிடுவேல்ல?" வெண்டலின் குரல் இறங்கியது. "எனக்கு வேற யாருடா இருக்கா?"

ஓதெலுக்குக் கோபத்தில் காது சூடானது. இவன் விழுவான், நான் தூக்குவேன், இவன் பெயரைச் சுவரில் எழுதுவார்கள், நான் ஈரக் கால்சட்டையோடு வீட்டுக்கு நடப்பேன். சாகிற வரைக்கும் இதுதானா என் பிழைப்பு?

"கோட்டைக் கழட்டிட்டுக் குதி. இல்லைன்னா கனமா இருப்பே," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

குளம் அழகாகத்தான் இருந்தது. நீலமாக, வெதுவெதுப்பாக, பெரிய கண்ணாடிக் கூரைக்குக் கீழே. சுவரில் வெண்டல் கிரியர் என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அதன் கீழே அந்தப் படம், ஓரத்தில் ஓதெலின் கை, ஆதிக்கத்தின் கை. பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றுப் பெருமக்களாக வேடமிட்டு வந்திருந்தார்கள். இந்த வருடமும் நிலக்கடலையை ஆராய்ந்து பேர்பெற்ற கறுப்பு விஞ்ஞானியின் வேடம்தான் அதிகம்; ஒட்டு மீசை மலிவு. வேடத்துக்கு உள்ளே எல்லாரும் நீச்சலுடை போட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் குளிக்கலாம் என்று சொல்லித்தான் அவர்களை இழுத்து வந்திருந்தார்கள். ஓரத்தில் உயரமான நாற்காலியில் உயிர்காப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். நல்ல நடிப்பு.

மேயர் கிளேபோர்ன் முதலில் பேசினார். அறுபத்து நாலில் மேயராக இருந்தவரின் மகன். முகம் மலர்ந்திருந்தது.

"நண்பர்களே, இவ்வளவு முதலாமவர்கள் வேற எந்த ஊர்ல இருக்காங்க? அட்லாண்டாவுல கூட இல்ல! ஏன்னு யோசிச்சீங்களா? பெரிய ஊர்கள்ல அவசரப்பட்டுக் கதவைத் திறந்துட்டாங்க. நாங்க அப்படிச் செய்யல. எங்க அப்பா காலத்துல ஒவ்வொரு கதவையும் பொறுப்பா மூடி வெச்சிருந்தோம். மூடின கதவு இருந்தாத்தானே, திறந்தவர்னு ஒருத்தரை நாம இன்னிக்குக் கொண்டாட முடியும்? இந்தப் பெருமையில எங்க குடும்பத்துக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்குன்னு நான் அடக்கத்தோட நினைக்கிறேன்!"

கைதட்டினார்கள். பித்தப்பைக்காரர் முன்வரிசையிலிருந்து "ஆமென்" என்றார். பழக்கதோஷம்.

டாக்டர் ஃபோன்டெய்ன் நீளமாகப் பேசிவிட்டு வெண்டலைக் கூப்பிட்டார். வெண்டல் குளக்கரைக்கு வந்து நின்றார். கோட்டைக் கழற்றவில்லை. கண்ணை மூடினார். ஜெபம் தொடங்கியது.

கயிற்றுக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில், ஓதெல் நின்றார். ஜெபம் முடியவே இல்லை. ஓதெலின் கை தன்பாட்டில் உயர்ந்தது. இன்னொரு தள்ளு தள்ளினால் போதும். வழக்கம்போல எல்லாம் நடந்துவிடும். வெண்டல் முதலாமவர்.

அதை நினைத்ததும் நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. என்ன ஆனாலும் சரி, இவன் எனக்கு முன்னால் இனி ஒரு தண்ணீரிலும் விழக்கூடாது. ஓதெல் கயிற்றைத் தாண்டினார். வெண்டலை இடித்துக்கொண்டு ஓடினார். சர்ச் சூட்டும் பாலிஷ் போட்ட காலணியுமாகப் புதுக் குளத்தில் தொபுக்கென்று குதித்தார்.

தண்ணீர் வெதுவெதுவென்று அவரை வாங்கிக்கொண்டது. ஓதெல் நீந்தினார். ஆற்றில் நீந்தின அதே கைவீச்சு. அடுத்த கரை வரை போய், தொட்டு, திரும்பி வந்தார். கழுத்துப் பட்டை பின்னால் மிதந்து வந்தது. கரையிலிருந்து ஏர்லீன், "காலணியைக் கழட்டியிருக்கலாம் மனுஷா!" என்று கத்தினாள்.

நகராட்சி சுகாதார அதிகாரி மேயரின் காதில் ஏதோ சொன்னார். மேயர் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். சுகாதார விதிப்படி, வெளிக் காலணியோட ஒருத்தர் இறங்கிட்டா குளத்துத் தண்ணியை முழுசா வெளியேத்தியாகணும். இதுல எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல. அறுபத்து நாலுல எங்க அப்பாவும் சுகாதார விதிப்படிதான் செஞ்சார்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. எங்கோ அடியில் ஒரு சக்கரம் திரும்புகிற சத்தம் கேட்டது. குளத்தின் நடுவில் தண்ணீர் சுழிக்க ஆரம்பித்தது.

டாக்டர் ஃபோன்டெய்ன் வாயில் கைவைத்து நின்றிருந்தார். அதிர்ச்சி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் மனதுக்குள் முதல்களை எண்ணி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "சகோதரர்களே!" என்றார் உரக்க. "புதுக் குளத்துல இறங்கின முதல் கறுப்பர்! யாருக்காகப் புதுக் குளத்தைக் காலி பண்றாங்களோ அந்த முதல் கறுப்பர்! ஒரே ஆளுக்கு ரெண்டு முதல்! சகோதரர் பிக்கன்ஸ், உங்க கோட்டு அளவு என்ன?"

தண்ணீரிலிருந்து ஓதெல் வெண்டலைப் பார்த்தார். இந்த முகத்தைத்தான் அவர் எத்தனையோ பிப்ரவரிகளாகப் பார்க்க ஆசைப்பட்டார். வெண்டலின் உதடு துடித்தது. கண் சிவந்துவிட்டது.

"அறுபத்து நாலுல நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானேடா தண்ணியத் திறந்துவிட்டாங்க!" என்று வெண்டல் கரையிலிருந்து கத்தினார். "இப்ப உனக்கு மட்டுமா? தனியாவா?"

"ஆமா! தனியா!" என்றார் ஓதெல், ஆனந்தமாக.

வெண்டல் கிரியர், சின்ன வயதிலிருந்து தண்ணீரைக் கண்டால் பயந்தவர், பொறாமையில் எல்லாவற்றையும் மறந்தார். நீலக் கோட்டோடு குதித்தார். வாழ்நாளில் அவர் சொந்தமாகக் குதித்தது அதுதான் முதல் தடவை. அதை மன்றம் கவனிக்கவில்லை.

ஓதெலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "மடையா!" என்று பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தார். அதற்குள் வெண்டல் எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் அவருடைய நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது.

"நிக்கறேன்டா," என்றார் வெண்டல், நம்ப முடியாமல்.

"தெரியுது," என்றார் ஓதெல். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

கரையில் பிள்ளைகள் துண்டுகளோடு நின்றார்கள். தண்ணீர் போவது அவர்களுக்குத் தெரிந்தது. ஏன் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து எத்தனை பேச்சுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒருவரும் கட்டளையிடவில்லை. மீசைகளும் நீளச் சட்டைகளும் தரையில் விழுந்தன. வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் குளத்தில் விழுந்தது. உயிர்காப்பாளர் ஒத்திகையை மறந்து நாற்காலியை விட்டு எழுந்து, அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கினார்.

"ஒவ்வொருத்தரா! ஒவ்வொருத்தரா!" என்று டாக்டர் ஃபோன்டெய்ன் கரையோரமாக ஓடினார். "யார் முதல்ல? யாராவது பார்த்தீங்களா? முதல்ல இறங்கின பிள்ளை யாரு?"

யாரும் பார்த்திருக்கவில்லை. பிள்ளைகள், தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகும் வெளியே வரவில்லை. கடைசியில் வெறும் ஓடுகளின் மேல் வழுக்கி வழுக்கி விளையாடினார்கள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் விருந்து தாமதமானது. மக்ரோனிக்கு முன்னால் டாக்டர் ஃபோன்டெய்ன் பரிமாறும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தட்டு புதுக் குளத்தில் முதலில் இறங்கியவருக்கா, பழைய குளத்தில் முதலில் விழுந்தவருக்கா என்று நீலக் கோட்டுகள் மூலையில் கூடிப் பேசின. பித்தப்பைக்காரர் ஓட்டெடுப்பு வேண்டும் என்றார். பேசி முடித்துத் திரும்பினால் தட்டைச் சுற்றி ஈரத் தலைகள். நாலு மூலையும் போயிருந்தது.

ஓதெலும் வெண்டலும் ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு கடைசி மேசையில் உட்கார்ந்தார்கள். தகரத் தட்டின் நடுவில் மிஞ்சியதை ஏர்லீன் வழித்து இரண்டு பேருக்கும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ குதிச்சேடா," என்றார் ஓதெல். மனதாரத்தான் சொன்னார். "நெசமாவே குதிச்சே."

"நீ தூக்க வந்தே," என்றார் வெண்டல். கண்ணில் நீர் நின்றது. "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டா. நீ தள்ளினது, நான் மூழ்கினது, எல்லாத்தையும். நாளைக்கே."

ஓதெல் தலையை ஆட்டினார். தட்டின் பக்கம் குனிந்தார். குனிந்தபோது கண் தானாகப் பக்கத்துத் தட்டுக்குப் போனது.

வெண்டலின் மக்ரோனியில், ஓரமாக, சிவந்து மொறுமொறுவென்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. ஓதெலுக்கு வயிறு எரிந்தது.